பேர் இருந்த விமானங்கள்

2024 ஏப்ரல் 22-ஆம் தேதி மும்பையிலிருந்து ஏர் இந்தியாவின் ஜம்போ, அதாவது போயிங் 747 ஒன்று கிளம்பிப் போன வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. கடைசியாக மிஞ்சியிருந்த நான்கில் ஒன்று. பயணிகள் கிடையாது. விற்றாகிவிட்டது, அமெரிக்காவுக்குப் போகிறது. மேலே எழும்பியதும் இறக்கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு தடவை சாய்த்துக் காட்டிவிட்டுப் போனது. செய்திகளில் அதன் பதிவெண்ணைத்தான் அதிகம் பார்த்தேன், விடி-ஈவிஏ என்று. அதற்கு 'ஆக்ரா' என்று ஒரு பேர் இருந்ததைப் பெரிதாக யாரும் சொல்லவில்லை.

அந்த 747-400 வரிசையில் மொத்தம் ஆறு. கோனார்க், தஞ்சாவூர், கஜுராஹோ, அஜந்தா, ஆக்ரா, பழைய கோவா. 2005 வாக்கில் மும்பையில் விமானத்துக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது அந்தத் தஞ்சாவூரை நான் பார்த்திருக்கிறேன். மூக்குக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'டாஞ்சூர்' என்று வெள்ளைக்காரன் சொல்கிற மாதிரி எழுதியிருந்தது. நாம ஏறப்போவது அதுதானா என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். இல்லையாம். எங்களுடையது அதில் பாதிகூட இல்லாத, பேர் தெரியாத ஒன்று.

ஏர் இந்தியா வரலாறு என்றால் 1932 அக்டோபர் 15, ஜே.ஆர்.டி. டாட்டா, கராச்சி, ஒற்றை எஞ்சின் புஸ் மாத் தபால் விமானம் என்று எல்லோரும் ஆரம்பிப்பார்கள். அவர் கராச்சியிலிருந்து பம்பாய் ஜுஹு வரைக்கும்தான் ஓட்டினார். அங்கிருந்து பெல்லாரி வழியாகத் தபால் பையை மெட்ராஸுக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட் என்ற முன்னாள் பிரிட்டிஷ் விமானப்படை விமானி. பாதையின் மறுமுனை நம்ம ஊர். இதை நம்ம ஊர்க்காரர்களே மறந்துவிடுகிறார்கள் என்பது எனக்குத் தனி வருத்தம். அந்த ஜுஹு மைதானமும் மழைக்காலத்தில் தண்ணீரில் நிற்கும், அப்போது மூட்டை கட்டிக்கொண்டு பூனாவுக்குப் போய்விடுவார்கள்.

சரி, பேருக்கு வருகிறேன். 1948 ஜூன் 8-ஆம் தேதி பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குக் கிளம்பிய முதல் விமானத்தின் பேர் மலபார் பிரின்சஸ். அது லாக்ஹீட் கான்ஸ்டலேஷன். சுதந்திரம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, சமஸ்தான மோகம் இன்னும் விடவில்லை, அதனால் இளவரசிகள். 1960-ல் போயிங் 707 வந்தபோது இமயமலைச் சிகரங்கள்: நந்தா தேவி, அன்னபூர்ணா, கௌரிசங்கர், காஞ்சன்ஜங்கா. 1971-ல் ஜம்போ வந்ததும் பேரரசர்கள். முதலாவது 'எம்பரர் அசோகா'. ஜன்னல் ஒவ்வொன்றையும் சுற்றி ராஜஸ்தான் அரண்மனை மாடம் மாதிரி சிவப்பில் வளைவு வரைந்திருந்தார்கள். அந்த வரிசையில் 'எம்பரர் ராஜேந்திர சோழா'வும் இருந்தது. கடல் கடந்து படை நடத்தியவன் பேரைக் கடல் கடக்கிற விமானத்துக்கு வைத்த அந்த அதிகாரி யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'டாட்டா கையில் இருந்தவரை ஜோர், அரசாங்கம் எடுத்ததும் நாசம்' என்று ஒரு கதை வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நிறுவனம் நாட்டுடைமையானது 1953-ல். சிகரங்களும் பேரரசர்களும் வந்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான். 1962-ல் முழுக்க முழுக்க ஜெட் விமானங்களோடு பறந்த முதல் நிறுவனம் என்று உலகம் பேசியது அரசு நிறுவனமான ஏர் இந்தியாவைத்தான். ஆனால் தலைவராக ஜே.ஆர்.டி.யே இருந்தார், சம்பளம் வாங்காமல். நாற்காலி எவ்வளவு சாய்கிறது, டீ என்ன நிறத்தில் இருக்கிறது என்றெல்லாம் குறிப்பு எழுதி அனுப்புகிற ஆள். 1978 பிப்ரவரியில் மொரார்ஜி தேசாய் அரசு அவரை நீக்கியது. முதலாளி யார் என்பதைவிட, டீயின் நிறத்தைப் பார்க்க ஒரு ஆள் இருந்தாரா என்பதுதான் என் கேள்வி.

அப்புறம் என்ன ஆனது என்பது பேரிலேயே தெரியும். 2005-06-ல் ஏர் இந்தியாவுக்கும் இந்தியன் ஏர்லைன்ஸுக்கும் சேர்த்து 111 விமானங்களுக்கு ஆர்டர், 2007-ல் இரண்டு நிறுவனங்களையும் ஒன்றாக்கியது, அதன் பிறகு கடன். அந்த ஆர்டரில் வந்த 777-களுக்கு மாநிலங்களின் பேர், அதுவும் அகரவரிசையில்! ஆந்திரா, அருணாசலம், அசாம், பீகார் என்று. ராஜேந்திர சோழன் எங்கே, ஆபீஸ் பதிவேட்டைத் திறந்து மேலிருந்து கீழாக வைத்த பேர் எங்கே. அதற்கு அப்புறம் வந்த 787-களில் அதுவும் இல்லை.

பேர் இருந்தால் விபத்து நடக்காதா என்று கேட்பீர்கள். நடந்தது. மலபார் பிரின்சஸ் 1950-ல் ஆல்ப்ஸின் மோன் பிளாங்கில் மோதியது. 1966 ஜனவரியில் அதே மலையில் காஞ்சன்ஜங்கா மோதியது, அணு விஞ்ஞானி ஹோமி பாபா அதில்தான் போனார். 2020-ல் அங்கே பனி உருகியபோது, இந்திரா காந்தி பிரதமராகிறார் என்ற செய்தியோடு அந்த விமானத்தில் போன செய்தித்தாள்கள் வெளியே வந்தன. 1978 புத்தாண்டு அன்று அசோகா பாந்த்ராவுக்கு எதிரே கடலில் விழுந்ததில் 213 பேர். 1985-ல் அயர்லாந்துக்கு அருகே குண்டு வெடித்துச் சிதறியதில் 329 பேர். அந்த விமான எண் 182 என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? 'கனிஷ்கா' என்றால் போதும், அந்தத் தலைமுறைக்கு உடனே தெரியும். 2025 ஜூன் 12-ஆம் தேதி அகமதாபாத்தில் விழுந்த 787-க்கு அப்படி ஒரு பேர் இல்லை. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் போன அந்த நாளை 171 என்ற எண்ணை வைத்துத்தான் சொல்கிறோம்.

2022 ஜனவரியில் நிறுவனம் மறுபடி டாட்டாவுக்கே வந்தது. அடுத்த வருஷமே 470 விமானங்களுக்கு ஆர்டர். புது வண்ணத்தில் அந்தப் பழைய ஜன்னல் வளைவைப் பொன்னிறத்தில் நினைவுபடுத்தியிருக்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறது. புதிதாக வந்த ஏர்பஸ் ஏ350-களின் பதிவெண் விடி-ஜேஆர் என்று ஆரம்பிக்கிறது, யாரை நினைத்து என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படியானால் பேர் வைக்கிற ஆசை உள்ளே யாருக்கோ இன்னும் இருக்கிறது. வெளியே, மூக்குக்குப் பக்கத்தில், பயணி படிக்கிற மாதிரி எழுதுங்களேன். பெயிண்ட் செலவு எவ்வளவு ஆகிவிடப் போகிறது? ராஜராஜன், வேலு நாச்சியார் என்று நான் பட்டியலே தருகிறேன். மற்ற மாநிலத்துக்காரர்களும் தரட்டும், சண்டை போட்டுக்கொள்ளலாம்.

இதையெல்லாம் போன வாரம் பெரியப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். 1990-ல் குவைத்தை ஈராக் பிடித்தபோது அங்கே மாட்டிக்கொண்டவர். பாலைவனத்தைத் தாண்டி ஜோர்டான் வந்து, அம்மானில் நாள் கணக்கில் காத்துக் கிடந்து பம்பாய் வந்து சேர்ந்தார். 59 நாளில் 488 விமானங்கள், லட்சத்துக்கும் மேல் ஆட்கள். அதில் இவர் ஒருவர். நீங்கள் வந்த விமானத்துக்கு என்ன பேர் என்று ஆசையாகக் கேட்டேன்.

"பேரைப் படிக்கிற நிலைமையிலயாடா இருந்தோம்? வால்ல சிவப்பு தெரிஞ்சுது, ஏறிட்டேன்" என்றார்.

சாப்பாட்டோடு கொடுத்த ஸ்பூனை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அது பெரியம்மாவின் மாவடு ஜாடியில் கிடக்கிறது. பின்பக்கம் எழுத்தெல்லாம் தேய்ந்து 'இந்தியா' மட்டும் தெரிகிறது.