யாரும் பயன்படுத்துவதில்லை என்று யாரிடம் கேட்டீர்கள்?

நேற்று குழுவில் நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "ஆர்டிஎல்8139 கார்டையெல்லாம் இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை, ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து அந்த டிரைவரையும் தூக்கிவிடலாம்." ஆர்டிஎல்8139 என்பது ரியல்டெக் சிப் போட்ட பழைய நெட்வொர்க் கார்டு; ஃப்ரீபிஎஸ்டி ஓர் இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம்; கார்டை அதில் வேலை செய்ய வைக்கும் மென்பொருள்தான் டிரைவர். நான் பயன்படுத்துகிறேன் என்று எழுதினேன். அதற்கு வந்த பதில், மியூசியத்தில் வேலையா என்று. ராத்திரி தூக்கமே வரவில்லை.

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் இருப்பதெல்லாம் ஆபீஸ்கள் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்கள். வாசல் பக்கம் இருக்கும் பெட்டியில்தான் பிராட்பேண்ட் லைன் உள்ளே வருகிறது. அதில் ஃப்ரீபிஎஸ்டி, வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் பிஎஃப் ஃபயர்வால், எஸ்பி ரோட்டில் பழைய சாமான் கடையில் பொறுக்கிய இரண்டு ரியல்டெக் கார்டுகள். ஒன்றுக்குத் திருகாணி கிடையாது, கேபிளை அசைத்தால் பச்சை விளக்கு அணைந்துவிடும், அதனால் கேபிளைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்துவைத்திருக்கிறோம். எங்கள் லைனே 40 எம்பிபிஎஸ். 100 எம்பிபிஎஸ் கார்டு அதற்குத் தாராளம். பிள்ளைகள் அதில்தான் பாடம் பார்க்கிறார்கள், ஸ்காலர்ஷிப் படிவம் போடுகிறார்கள்.

ஐந்நூறு ரூபாய்க்குப் புதுசு வாங்கச் சொல்கிறீர்கள். புதுசாக வருவது பெரும்பாலும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு, எங்கள் பெட்டியில் காலியாக இருப்பது பழைய பிசிஐ ஸ்லாட். யுஎஸ்பியில் செருகலாமே என்பீர்கள். பிள்ளைகள் ஓடியாடும் வாசலில் அது எத்தனை நாள் நிற்கும்?

சரி, பராமரிப்பவர்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. நெட்வொர்க் ஸ்டாக்கில், அதாவது நெட்வொர்க் வேலையைப் பார்க்கும் பொதுவான பகுதியில், ஒன்றை மாற்றினால் ஒவ்வொரு டிரைவரையும் தொட வேண்டும், சோதிக்கக் கையில் கார்டும் இருக்காது. சம்பளம் இல்லாமல் செய்கிறவர்கள் அவர்கள். அவர்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். 2018-இல் 10/100 டிரைவர்களை, அதாவது 10 அல்லது 100 எம்பிபிஎஸ் வேகக் கார்டுகளுக்கானவற்றை, கழிக்கலாம் என்ற பேச்சு வந்தபோது அவர்கள் பட்டியல் போட்டு, யாரிடம் எது இருக்கிறது என்று கேட்டார்கள். 12-ஆம் பதிப்பில் எச்சரிக்கைச் செய்தி வைத்தார்கள், 2021-இல் வந்த 13.0-இல்தான் என்இ2000 வகைப் பழைய கார்டுகளுக்கான 'ஈடி' போன்ற டிரைவர்கள் போயின. எங்கள் 8139-க்கான 'ஆர்எல்', இன்டெல் கார்டுகளுக்கான 'எஃப்எக்ஸ்பி' எல்லாம் பலரிடம் இன்னும் இருக்கிறது என்று விட்டுவைத்தார்கள். முறை அது. நேற்றுப் பேசியவர்கள் யாரும் ஒரு டிரைவரையும் பராமரிக்கிறவர்கள் இல்லை.

பழைய டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருக்கும் என்றும் ஒருவர் சொன்னார். கார்டே இல்லாத கணினியில் அந்த டிரைவர் எதோடும் ஒட்டப்போவதில்லை, உங்களுக்கு என்ன வந்தது?

யாரும் பயன்படுத்துவதில்லை என்று சொல்லும்போது உங்கள் கண்ணுக்குத் தெரிவது உங்கள் ஆபீஸ், உங்கள் நண்பர்கள். பழைய கார்டு வைத்திருப்பவன் மெயிலிங் லிஸ்ட் படிப்பதில்லை, ஆங்கிலத்தில் சண்டை போடத் தெரியாது, அப்டேட் போட்ட அன்றைக்கு நெட் வரவில்லை என்றுதான் அவனுக்குத் தெரியும். அவன் வாயைத் திறக்கவில்லை என்பதற்காக அவன் இல்லவே இல்லை என்று ஆகிவிடுமா? காசில்லாதவனும் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில்தான் நான் ஓப்பன் சோர்ஸ் பக்கமே வந்தேன். அங்கேயும் வந்து புதுசு வாங்கு என்றால் வலிக்கிறது, நண்பர்களே.

எங்களிடம் உபரியாகச் சில 8139 கார்டுகள் இருக்கின்றன. டிரைவரைச் சோதிக்க வேண்டும் என்பவர்கள் இன்பாக்ஸில் முகவரி அனுப்புங்கள், கூரியர் செலவு எங்களுடையது. வரப்போகும் பதிப்புகளின் பீட்டாவை எங்கள் பெட்டியிலேயே ஏற்றிப் பார்த்து, பிழை இருந்தால் நானே பதிந்து அனுப்புகிறேன்.