46,800 ரூபாயாம், ஆருக்கு?

ஓடிபி என்ர கைக்கு வந்து சேர முந்தி பிளேன் ரிக்கெற் விலை ஏறிட்டுது. எவ்வளவு ஏறினது எண்டதைப் பிறகு சொல்லுறன், இப்பவே சொன்னா எனக்குத் திரும்பவும் பிரஷர் ஏறும்.

பிள்ளையளுக்கு ஓகஸ்ட் லீவு. ஒரு கிழமை திருச்சி, தஞ்சாவூர், அப்பிடியே சிதம்பரம், அவ்வளவுதான் பிளான். சுவிஸ், பாரிஸ் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. யாழ்ப்பாணத்தில, பலாலி எயார்போட்டில ஏறித் திருச்சியில இறங்க வானத்தால 200 கிலோமீற்றர் கூட வராது, கொழும்புக்கு ரோட்டால போற தூரத்தில பாதி. பெல்ற்றைப் பூட்டிக் கழட்டினா ஊர் வந்திடும். அந்தப் பிளேன் எங்கட கூரைக்கு மேலாலதான் போறது. முத்தத்தில காயப்போட்ட மிளகாயைக் கிளறிக்கொண்டு மாமி அண்ணாந்து பாத்து "அங்க போறான், என்ர தங்கச்சி வீட்டதான் போறான்" எண்டுவா, ஏதோ தங்கச்சி வீட்டுப் படலைக்கு முன்னால கொண்டுபோய் நிப்பாட்டுற மாதிரி. 2025 மார்ச் கடைசியில திருச்சிக்கு நேர விடத் தொடங்கின நாளில இருந்து இதே கதைதான். சரி, மாமி ஆசைப்படுறா, கூட்டிக்கொண்டு போவம் எண்டு நினைச்சது என்ர பிழை.

இரவு பத்தே முக்காலுக்கு லெப்டொப்பைத் திறந்தனான். முதல் பக்கத்திலயே பச்சை எழுத்தில பெரிசா 46,800, போய் வர. எனக்கெண்டா கண்ணுக்குள்ள தஞ்சாவூர்க் கோபுரமே தெரிஞ்சுது. அஞ்சு பேருக்கு எவ்வளவு எண்டு மனதுக்குள்ள பெருக்கிப்போட்டு, நான் ஒரு கெட்டிக்காரன் எண்ட எண்ணத்தில ஆக்கள் எத்தினை எண்ட இடத்தில 5 எண்டு அமத்தினன். உடன 58,300. ஒராளுக்கு. அதே நாள், அதே பிளேன், அதே நேரம். திரும்பப் பின்னால போனா 46,800, முன்னால வந்தா 58,300. நாலு தரம் போய் வந்தன், படலையில ஆள் நிக்கோ எண்டு பாக்கிற மாதிரி. அந்த 46,800 ஆருக்கு ஐயா? தனிக்கட்டையளுக்கோ? குடும்பமா இருக்கிறது குற்றமோ?

சரி, நாளைக்கு இன்னும் ஏறும் எண்டு பயந்து 58,300க்கே போவம் எண்டு இறங்கினன். இறங்கினாப் பிறகுதான் தெரிஞ்சது, உது சுழி.

முதல்ல பேர். முதல் பேராம், குடும்பப் பேராம். எங்களுக்கு எங்கயடா குடும்பப் பேர்? அப்பாவின்ர பேர்தான் முன்னுக்கு. பாஸ்போட்டில ஒரு மாதிரிக் கிடக்கு, பெட்டி இன்னொரு மாதிரிக் கேக்குது. மனிசியின்ர தகப்பன்ர பேரை இங்கிலீசில எழுத இருபது எழுத்துக்கு மேல வரும், அதோட இவவின்ர பேரையும் சேர்த்தா அது ஒரு தேவாரம். அடிக்க அடிக்கச் சிவப்புக் கோடு. ஒரு எழுத்துப் பிழைச்சாலும் பிறகு மாத்தக் காசு எண்டு கீழ சின்ன எழுத்தில வெருட்டியும் வைச்சிருக்கினம். பாஸ்போட்டை லைற்றுக்குக் கிட்டப் பிடிச்சு எழுத்துக் கூட்டிக் கூட்டி அடிச்சன், நாலாம் வகுப்பில சொல்வதெழுதல் எழுதினாப் பிறகு இவ்வளவு பயத்தோட நான் எழுதினதில்லை. மூத்தவளுக்கு போன மாசம் 12 முடிஞ்சது, அதால அவ இப்ப பெரிய ஆளாம். சின்னவனுக்கு எட்டு, அவன் சின்னப்பிள்ளையாம். ரெண்டு பேருக்கும் விலை ஒண்டு. பிறகேன்ரா வயசைக் கேட்டனீ?

அதுக்குப் பிறகு ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு உண்டியல். பாக் எத்தினை கிலோ, அதுக்கொரு காசு. மாமி தங்கச்சிக்குக் கொண்டு போறதுக்கெண்டு வறுத்து அரைச்ச தூளே நாலு கிலோ, அதோட ஒடியல், பனங்கட்டி, எள்ளுப்பாகு, நல்லெண்ணெய் ரெண்டு போத்தல். கைப்பையில 7 கிலோவுக்குள்ள அதை அடக்க ஏலாது, எண்ணெயை உள்ளுக்கு விடவும் மாட்டாங்கள். பிறகு சீற். அஞ்சு பேரும் பக்கத்தில பக்கத்தில இருக்கவேணும் எண்டா அதுக்குத் தனிக் காசு. ஏன், காசு குடுக்காட்டி எட்டு வயசுப் பொடியனைத் தெரியாத ஆளுக்குப் பக்கத்தில விடுவியளோ? பிளேன் முழுக்கவே எழுபத்துச் சொச்சம் சீற், ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டாக் கிடக்கிற ஏடிஆர் எண்ட சின்னப் பிளேன். எங்க இருந்தாலும் ஒராளின்ர இருமல் மற்றாளுக்குக் கேக்கும். அதில "விருப்பமான சீற்" எண்டு விக்கினம். பிறகு சாப்பாடு, ஒரு மணித்தியாலப் பறப்புக்கு. பிறகு காப்புறுதி, அது தானாவே சரி போட்டுக் கிடந்தது, நான் கண்டு எடுத்துவிட்டன், அதுக்கு "உங்கட குடும்பத்தின்ர பாதுகாப்பை யோசிச்சீங்களோ?" எண்டு ஒரு பெட்டி எழும்பி வந்து கேக்குது. கடைசியா, வசதிக் கட்டணமாம். ஆருக்கு வசதி? ஒரு மணித்தியாலமா நான் எல்லா வேலையையும் செய்யிறன், அவங்களின்ர கிளாக்கின்ர வேலையை என்ர கையால செய்யிறன், அதுக்கு நான் காசு குடுக்கவேணும், அதுவும் ஆளுக்கு ஆள், போகேக்க ஒண்டு வரேக்க ஒண்டு.

சரி, நாசமாப் போக எண்டு காட் நம்பரை அடிச்சன். ஓடிபி அனுப்பியாச்சாம், அஞ்சு நிமிசமாம், மேல மணிக்கூடு பின்பக்கமா ஓடுது.

என்ர போனில ஒண்டும் இல்லை. ஒரு நிமிசம் பாத்தன். அப்பதான் ஞாபகம் வந்தது, பாங்கில குடுத்து வைச்சது என்ர பழைய நம்பர். அந்தப் பழைய சிம் இப்ப மாமியின்ர பட்டன் போனுக்குள்ள. அந்தப் பட்டன் போன் மாமியின்ர தலாணிக்குக் கீழ. மாமி நித்திரை. நேரம் பன்னிரண்டு தாண்டீட்டுது.

நாலு நிமிசம் கிடக்குது. கதவைத் தட்டினன். "ஆர் தம்பி? ஆருக்கு என்ன?" சாமத்தில கதவு தட்டுப்பட்டா கனடாவில ஆரோ செத்திட்டினம் எண்டுதான் மாமிக்கு. இல்லை மாமி, போனை ஒருக்காத் தாங்கோ. "என்ர போன் ஏன் உங்களுக்கு இந்த நேரத்தில?" ரிக்கெற் போடுறன் மாமி, நம்பர் ஒண்டு வந்திருக்கும். லைற்றைப் போட்டா. கண்ணாடியைத் தேடினா. கண்ணாடி சாமிப்படத்துக்குப் பக்கத்தில கிடந்தது, திருநீறு பிடிச்சுப் போச்சு எண்டு சீலைத் தலைப்பால வடிவாத் துடைச்சா. ரெண்டு நிமிசம். மாமி முப்பது வருசம் ரீச்சரா இருந்தவ, எந்தக் கடுதாசியையும் முழுசா வாசிக்காமல் விடமாட்டா. முழுசா வாசிச்சா. வாசிச்சு முடிச்சுப்போட்டு என்னை நிமிந்து பாத்து, "தம்பி, இதை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டெல்லே போட்டுக்கிடக்கு" எண்டா.

மாமி, அது எனக்கு வந்தது.

"என்ர போனுக்கெல்லே வந்திருக்கு?"

உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரேல்லை. பாங்கில போன மாசந்தான் அவவுக்குச் சொல்லி விட்டவையாம், இப்பிடி வாற நம்பரைச் சொந்தப் பிள்ளை கேட்டாலும் குடுக்காதேங்கோ எண்டு. மருமகன் பிள்ளையிலும் சேர்த்தியோ எண்டு மாமி யோசிக்கிறா. ஒரு மாதிரி மனம் இரங்கி வாசிக்கத் தொடங்கினா, நாலு, ஏழு, ஏழு, இது ஆறோ எட்டோ தம்பி, நான் ஓடி வந்து அடிக்க, திரை வெள்ளையாப் போய், "உங்கட நேரம் முடிஞ்சுது" எண்டுது. ஓம், எனக்கும் அப்பிடித்தான் இருந்தது.

திரும்ப முதல்ல இருந்து. அஞ்சு பேர் எண்டு அமத்தினன். 63,900. ஒராளுக்கு. அஞ்சு பேருக்கு முந்தி 291,500, இப்ப 319,500. மாமி கண்ணாடி துடைச்ச நேரத்துக்கு 28,000 ரூபா.

நித்திரை எங்க வரப்போகுது? அவுஸ்திரேலியாவில இருக்கிற அக்காவின்ர பெடியன் கொம்பியூட்டர் வேலை, அங்க விடியப்புறமா இருக்கும் எண்டு எடுத்தன். குக்கீயை, அதுதான் நாங்கள் முந்திப் பாத்ததை ஞாபகம் வைச்சிருக்கிற சாமானை, அழிச்சுப் போட்டனீங்களோ எண்டு கேப்பான் எண்டு நினைச்சன், அதை நான் ஏற்கெனவே செய்து களைச்சனான், மற்றப் போனிலயும் பாத்தனான், ஒரு சதம் இறங்கேல்லை. அவன் சொன்ன கதை வேற. பிளேனுக்குள்ள எல்லாம் ஒரே சீற் எண்டாலும் கொம்பியூட்டருக்குள்ள அதுகளைக் கூறு போட்டு வைச்சிருப்பினமாம், மீன் சந்தையில கூறு கட்டின மாதிரி. ஒவ்வொரு கூறுக்கும் ஒரு இங்கிலீசு எழுத்து, ஒரு விலை. மலிவுக் கூறில மூண்டு சீற் மிச்சம் இருக்கேக்க நீங்கள் அஞ்சு கேட்டா, மூண்டை மலிவிலயும் ரெண்டைக் கூடவும் தரமாட்டான், அஞ்சையும் சேர்த்து அடுத்த கூறுக்குத் தள்ளிப்போடுவான். "மாமா, அஞ்சா அடிக்காதேங்கோ, மூண்டும் ரெண்டுமா அடிச்சுப் பாருங்கோ. இன்னொண்டு, நீங்கள் காசு கட்டாமல் விட்ட அஞ்சு சீற்றையும் அது இன்னும் கொஞ்ச நேரம் உங்களுக்கெண்டு பிடிச்சு வைச்சிருக்கும். சிலவேளை அதாலதான் விலை ஏறினது." அதாவது என்ர சீற்றை நானே போட்டி போட்டு விலையேத்தி இருக்கிறன். பாசையூர்ச் சந்தையில கூடத் தன்ர மீனுக்குத் தானே ஏலம் கேட்ட ஆளை நான் கண்டதில்லை.

உது எப்ப தொடங்கின வேலை எண்டு சாமத்தில இருந்து வாசிச்சன், வேற என்ன செய்ய. 1978ல அமெரிக்காவில அரசாங்கம் ரிக்கெற் விலையைக் கட்டுப்படுத்திறதை விட்டிட்டுது, அதுக்குப் பிறகு கொம்பனியள் கொம்பியூட்டரை வைச்சு ஆருக்கு எவ்வளவு தலையில கட்டலாம் எண்டு கணக்குப் பாக்கத் தொடங்கினவை. அங்க ஆரோ ஒரு கணக்கன் போட்ட திட்டம் நாப்பது, அம்பது வருசம் கழிச்சு எங்கட விறாந்தையில என்னை வந்து பிடிக்குது. எங்கட அப்பப்பா ஆக்களுக்கு இந்தக் கரைச்சல் ஒண்டும் இல்லை. 1947 டிசம்பரில எயார் சிலோன்ர முதல் பிளேனே ரத்மலானையில கிளம்பி, காங்கேசன்துறை எண்டு சொல்லி இஞ்ச இறங்கித்தான் மெட்ராசுக்குப் போனது. அதுக்குக் காசில்லாத சனம் தலைமன்னாரில கப்பல் ஏறித் தனுஷ்கோடியில இறங்கி ரெயிலைப் பிடிச்சுது, 1964 புயல் அந்தப் பாதையைக் கொண்டுபோகும் வரைக்கும். ரிக்கெற் வாங்கேக்க பின்பக்கமா ஓடுற மணிக்கூடு அவையளுக்கு இல்லை.

இப்பவும் காங்கேசன்துறையில இருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் விடத் தொடங்கினவைதானே, ஏன் அதில போகேல்லை எண்டு கேப்பியள். குறிகட்டுவானில இருந்து நயினாதீவுக்குப் போற அந்த இத்துணூண்டு தூரத்துக்குள்ள மாமி எடுத்த சத்தியை நான் பாத்தனான். காணும். கொழும்புக்குக் கிட்ட, கட்டுநாயக்காவால போனா மலிவு எண்டு இன்னொரு கூட்டம் வரும். ஓம், காட்டுது, மலிவாத்தான் காட்டுது. அஞ்சு பேருக்கு இரவு பஸ், விடியப்புறம் ஓட்டோ, எயார்போட்டில தண்ணிப் போத்தல், எல்லாத்தையும் கூட்டினா அதே காசு, நாரி உளைவு இலவசம். தெற்கால 400 கிலோமீற்றர் போய், ஏறி, திரும்ப வடக்கால எங்கட வீட்டுப் பக்கம் பறந்து வாறதுக்கு நான் என்ன விசரனோ?

அரை மணித்தியாலம் பொறுத்து மூண்டு எண்டு அமத்தினன். 46,800! சத்தியமா. மூண்டு சீற், ஆளுக்கு 11,500 மிச்சம். ஓடிப்போய் மனிசியை எழுப்பினன். அதுதான் நான் விட்ட ரெண்டாவது பிழை. "இஞ்சருங்கோ, அப்ப ஆர் மூண்டு, ஆர் ரெண்டு?" நீரும் பிள்ளையளும் ஒண்டில, நானும் மாமியும் மற்றதில. "உங்கட புக்கிங்கை அவன் கான்சல் பண்ணினா நான் பிள்ளையளோட தனிய அங்க நிக்கிறதோ?" அப்ப நீரும் மாமியும் சின்னவனும். "அப்ப மூத்தவ?" இதுக்குள்ள அந்த அறைக்குள்ள இருந்து குரல் வருது, "என்னை விட்டுட்டுப் போறதுக்குத்தானே இந்தச் சாமத்தில கதைக்கிறியள்." மாமியைச் சமாதானப்படுத்தி, எண்ணெய் கட்டாயம் கொண்டு போவம் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டு வந்து பாத்தா, 46,800ல மிச்சம் ஒண்டு. ஒரே ஒண்டு. மூடிப்போட்டுப் படுத்திட்டன்.

விடிய ரவுணில, கஸ்தூரியார் வீதிப் பக்கம், மேல்மாடியில ஒரு சின்ன ஏஜென்சி. மேசையில பிளாஸ்ரிக் பூ, கிரீச் எண்டுற ஃபான். பெடியன் பாஸ்போட் அஞ்சையும் வாங்கினான், ரெண்டு விரலால ஏதோ தட்டினான், மனிசியின்ர பேரைக் கூட ஒரு நொடியில அடிச்சு முடிச்சான். ஆளுக்கு 54,200, 20 கிலோ பாக்கும் சேர்த்து. ரீ வாறதுக்கு முந்தி பிரிண்ட் வந்திட்டுது. என்ர கண்ணைப் பாத்துப்போட்டு "அண்ணை, இரவிரவா ஒன்லைன்ல தேடினனீங்கள் என்ன?" எண்டான். இல்லைத் தம்பி, நுளம்பு எண்டன்.

வீட்ட வந்து ரிக்கெற்றை மாமியின்ர கையில குடுத்தன். கண்ணாடியைப் போட்டு முழுசா வாசிச்சுப்போட்டு, "இவ்வளவு காசோ? 46,800 எண்டெல்லே இரவு கதைச்சனீங்கள்" எண்டா. எனக்கு அப்பதான் சிரிப்பு வந்தது, இருந்து சிரிச்சன், பிள்ளையள் பயந்து போய்ப் பாக்குதுகள்.

சிரிச்சு முடிச்சு முத்தத்துக்கு இறங்கினா, அங்க பக்கத்து வீட்டு ஆடு. என்ர கறிவேப்பிலைக் கண்டு, ரெண்டு வருசம் வாளியில தண்ணி ஊத்தி வளர்த்தது, மொட்டைக் குச்சியா நிக்குது. எத்தினை தரம் சொல்லியாச்சு, உந்தக் கோதாரி விழுந்த ஆட்டைக் கட்டி வளக்கச் சொல்லி? கட்டமாட்டினம். கேட்டா, "உங்கட படலையைச் சாத்தி வைக்கலாமே அண்ணை" எண்டுவினம். ஆர் ஐயா இரவு படலையைத் திறந்து விட்டது?