கழுத்துல இருக்கிறது அழுக்கு இல்ல

போன ஞாயித்துக்கிழமை பாம்பன்ல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கிணத்தடியில அவ மூத்த பையனை உக்கார வச்சு, பீர்க்கங்கூட்டால அவன் பின்கழுத்தைப் போட்டுத் தேய்ச்சுக்கிட்டிருந்தா. "பதினோரு வயசாச்சு, ஒழுங்கா குளிக்கத் தெரியுதா பாரு!" கழுத்து மடிப்பு கறுத்து, வெல்வெட் துணி மாதிரி தடிச்சிருந்துச்சு. தேய்ச்ச தேய்ப்புல ஓரமெல்லாம் செவந்து கிடந்துச்சு. பையன் வாயே திறக்கல.

அது அழுக்கு இல்ல. உடம்பு இன்சுலினுக்கு மசியாதப்ப கணையம் இன்னும் இன்னும்னு சுரக்கும். அந்த மிச்ச இன்சுலின் தோல் செல்லையும் பெருக வைக்கும். இவனை மாதிரி பருமனான பிள்ளைங்களுக்குக் கழுத்து கறுக்கிறது பெரும்பாலும் இதனாலதான். நாரால போகாது, டாக்டர்கிட்டதான் போகணும்.

தெருவுல கேட்டா, "ஆத்தா ஊட்டி ஊட்டிக் கெடுத்துட்டா"ம்பாங்க. அதே சட்டியில திங்கிற சின்னவன் பனைமட்டை மாதிரி இருக்கானே, அதுக்கு யார் பொறுப்பு?

பசியை அடக்குற லெப்டின் ஹார்மோனை 1994லதான் கண்டுபிடிச்சாங்க. கொழுப்பு செல் அதைச் சுரந்து "போதும்"னு மூளைக்குச் சொல்லும். 1997ல கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் எட்டு வயசுப் பொண்ணு ஒண்ணைப் பத்தி எழுதினாங்க. எடை 86 கிலோ. அவ உடம்புல லெப்டினே கிடையாது. ஊசியா அதைப் போட்ட பிறகு பசி அடங்குச்சு, எடையும் இறங்குச்சு. இது ரொம்ப அபூர்வம், நம்ம பையனுக்கு அப்படின்னு சொல்லல. பருமனான பிள்ளைங்க பலருக்கு லெப்டின் நிறையவே இருக்கும், மூளைதான் காது கொடுக்காது. ஆனா பசிங்கிறது வெறும் நாக்கு ருசி இல்லங்கிறதுக்கு இதைவிட என்ன வேணும்?

"தைராய்டா இருக்கும்"னு ஆளாளுக்கு வைத்தியம் வேற. தைராய்டு சுரப்பு குறைஞ்சா பிள்ளை உயரமா வளர்றது மந்தமாயிடும். இவன் வகுப்புலயே நெட்டை.

அக்கா இவனை வயித்துல வச்சிருந்தப்ப மீன்பிடித் தடைக்காலம் வந்துச்சு. மச்சான் விசைப்படகுக்குப் போறவர், கரையில சும்மா இருந்தார். கஞ்சியும் கருவாடும்தான். பிறந்தப்ப இவன் ரெண்டரை கிலோகூட இல்ல. அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா பூனாவுல பிறந்த குழந்தைங்களை இங்கிலாந்துக் குழந்தைங்களோட ஒப்பிட்டுப் பார்த்திருக்காங்க. நம்ம பிள்ளைங்க சராசரி 2.7 கிலோ, அங்க 3.5. சதை குறைவு, கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையல. கருவுல பட்டினி பார்த்த உடம்பு சேமிச்சுப் பழகிடும்னு ஒரு கருத்து இருக்கு. பின்னால பரோட்டாவும் பாட்டில் குளிர்பானமும் வந்து சேர்ந்தா கேக்கணுமா?

பரோட்டாக் கடைக்கு நான் வக்காலத்து வாங்கல. முப்பது வருசத்துல ஜீன் மாறலை, தீனிதான் மாறியிருக்கு. வலை ஊருக்கே விரிச்சிருக்கு, எந்த மீன் மாட்டும்ங்கிறதுலதான் பிறப்புக்குப் பங்கு. மாட்டுன மீனைப் போய் மைதானத்துல நிறுத்தி "குண்டா, ஓடுடா"ன்னு கத்துற வாத்தியாரை என்ன சொல்ல?

அக்காவுக்கு இதையெல்லாம் சொன்னேன். பாதிதான் நம்புனா. ரத்தம் பார்க்க வியாழக்கிழமை ராம்நாடு கூட்டிட்டுப் போறோம். அதுவரைக்கும் தேய்க்காதேன்னு சொல்லிட்டு வந்தேன். நேத்து போன்ல, "பீர்க்கங்கூட்டைக் காணோம், நீ எடுத்துட்டுப் போனியா?"ங்குறா. பின்னால சின்னவன் சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு.