எரிவாயு மின்சாரத்தில் ஓடினாலும் ஹீட் பம்ப் வீண் அல்ல

"மின்சாரத்தின் பெரும்பகுதி எரிவாயுவிலிருந்தே வரும்போது, வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்புக்கு அரசு மானியம் தருவது வெறும் கண்துடைப்பு" என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார், ஆனால் கணக்கு இடிக்கிறது. 100 அலகு எரிவாயுவை நல்ல கொதிகலனில் எரித்தால் வீட்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 90 அலகு வெப்பம். அதையே நவீன மின்நிலையத்தில் எரித்தால், ஆலையிலும் கம்பியிலும் ஏற்படும் இழப்பு போக 45 அலகு மின்சாரம் வந்து சேர்வதாகக் கொள்வோம். ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்காமல், வெளிக்காற்றிலோ மண்ணிலோ இருப்பதை உள்ளே கடத்துவதால், ஓர் அலகுக்கு மூன்று வீதம் 135 அலகு வெப்பம் தரும். காற்றாலை மின்சாரம் கூடக் கூட, அதே கருவியின் உமிழ்வு தானாகவே குறையும்.

கடுங்குளிரில் அந்த விகிதம் இரண்டு வரை இறங்கலாம் என்பது உண்மைதான். அப்போதும் கொதிகலனுக்குச் சமம். ஐரோப்பாவில் இக்கருவி மிகப் பரவலாக இருப்பதே குளிர் மிகுந்த நார்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளில்தான்.

அரசைக் குறை சொல்ல வேண்டுமானால் கட்டணக் கொள்கையைச் சொல்லலாம்: பல நாடுகளில் வரியும் பசுமைத் திட்டக் கட்டணங்களும் எரிவாயுவைவிட மின்சாரத்தின் மீதே அதிகம் சுமத்தப்பட்டிருப்பதால், எரிபொருள் மிச்சமானாலும் மாதப் பில் அந்த அளவுக்குக் குறைவதில்லை.