சீட்டில் மாலை 4.40 என்றிருந்தது

நேற்றைய அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சோர்வாக இருந்தால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் போட்டுக்கொள்ளலாம், ரத்த டெஸ்ட்டெல்லாம் பயந்தாங்கொள்ளிகளுக்கு என்று அதில் ஒருவர் சொன்னதற்கு எத்தனை கைதட்டல்! அந்த ஊசியைப் பதினான்கு மாதங்கள் போட்டுக்கொண்டவனாக இல்லாதிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

முதலில் பரிசோதனை, பிறகுதான் ஊசி. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து பொழுது ஏற ஏற இறங்கும், சாப்பிட்டால் குறையும், காய்ச்சலில் கிடந்தாலும் குறையும். அதனால்தான் காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் ரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் டெசிலிட்டருக்கு 300 நானோகிராம் என்று வரம்பு வைத்திருந்தாலும், அறிகுறியும் கூட இருந்தால்தான் அதைக் குறைபாடு என்கிறது.

எனக்கு எடுத்தது ஒரே ஒரு முறை, அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. சீட்டின் மூலையில் 'மாலை 4.40' என்று அச்சாகியிருந்தது; அதன் பொருள் தெரியாத நான் 270 என்ற எண்ணை மட்டும் பார்த்து மிரண்டேன். அன்றே முதல் ஊசி. மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி விரையை இயக்க அனுப்பும் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., அதே சுரப்பியின் புரோலாக்டின் என்ற ஹார்மோன்கள் எதையும் பார்க்கவில்லை. எல்.எச். உயர்ந்திருந்தால் கோளாறு விரையில். உயர வேண்டிய நேரத்தில் உயராமல் இருந்தால் பிட்யூட்டரியில் தேட வேண்டும். வெளியிலிருந்து ஹார்மோன் போனதும் எல்.எச். தானாகவே அடங்கிவிடுவதால், அந்த விடை முதல் ஊசியோடு என் கையைவிட்டுப் போயிற்று.

"எண்ணைப் பார்க்காதே, அறிகுறியைப் பார்" என்பவர்கள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. ஆனால் சோர்வு தைராய்டாலும் வரும், ரத்தசோகையாலும் வரும், தூக்கத்தில் மூச்சு அடைபடுவதாலும் வரும். பரிசோதனைக்குச் செலவாகும் என்பவர்கள், ஊசிக்கு மட்டும் யோசிக்காமல் பணத்தை எடுத்து நீட்டுவது ஏன் என்று சொல்லட்டும். "நீ என்ன டாக்டரா?" இல்லை ஐயா, ஊசி போட்டுக்கொண்டவன், அந்தத் தகுதியாவது எனக்கு இருக்கிறது.

தொடங்கிய பிறகும் பரிசோதனை முடிந்துவிடாது. மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் ஹீமடோக்ரிட்டை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை, மறுபடி பார்க்க வேண்டும். 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டும். என்னுடையதை எவரும் பார்க்கவில்லை. பதினோராம் மாதம், தீராத தலைவலிக்காக வேறொரு மருத்துவரிடம் போன அன்றுதான் அது 56 என்று தெரிந்தது.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்வேன். பிள்ளை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று அந்த முதல் நாளில் ஒருவராவது என்னைக் கேட்டிருக்கலாம். இந்த ஊசி விந்தணு உற்பத்தியையே அடக்கிவிடக்கூடியது என்று நான் தெரிந்துகொண்டது, எண்ணிக்கை இருக்க வேண்டிய கட்டத்தில் பூஜ்யம் போட்டிருந்த அறிக்கையிலிருந்துதான். அதை என் மனைவிதான் முதலில் படித்தாள். மடித்து என்னிடம் கொடுத்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு மீளும், ஆனால் மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல் ஆகும் என்கிறார்கள். எனக்கு இது ஐந்தாம் மாதம். அடுத்த ரத்தப் பரிசோதனை வரும் திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில்.