மனசுக்கான மாத்திரையும் வீட்டுக்கு வரட்டும்

கடலூருக்குத் தனியாக ஒரு மனநல மருத்துவமனை வேண்டும் என்று நண்பர்கள் சிலர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், எனக்குத்தான் உடன்பாடு இல்லை. கட்டடம் வந்தால் திறப்பு விழா வரும், கல்வெட்டு வரும். பாதியில் மாத்திரையை நிறுத்திவிட்டு ஏதோ ஒரு கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற மனிதர் மட்டும் வரமாட்டார். அவருக்கு வேண்டியது கட்டடம் இல்லை, மாதா மாதம் தவறாமல் மாத்திரை. அது அவர் தெருவுக்கே வந்து சேர வேண்டும்.

கட்டடம் போதாது என்பதற்குப் பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறது. கோரிமேட்டில் ஜிப்மர், அதைச் சுற்றித் தனியார் மருத்துவக் கல்லூரிகள். இவ்வளவு சின்ன ஊரில் இவ்வளவு டாக்டர்கள் வேறெங்கே இருப்பார்கள்? ஆனாலும் 2022ஆம் ஆண்டுக்கான தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி அங்கே லட்சம் பேருக்கு 29.7 தற்கொலைகள். நாட்டின் சராசரி 12.4. மருத்துவமனை இருப்பது வேறு, ஆள் உடைந்து போகும் முன்னால் வைத்தியம் அவரிடம் போய்ச் சேருவது வேறு.

என் பெரியம்மா மகனுக்கு மனச்சிதைவு நோய். பண்ருட்டிக்குத் தெற்கே முந்திரிக்காட்டு ஊர். நல்ல டாக்டர் கிடைத்தார், மருந்தும் வேலை செய்தது. ஆள் தெளிந்து, காலையில் மாட்டைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போகிற அளவுக்கு வந்துவிட்டார். சிக்கல் மருந்தில் இல்லை, அதை வாங்குவதில்தான். எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை, எல்லா இடத்திலும் கதை ஒன்றுதான். விடிவதற்குள் முதல் பஸ், பண்ருட்டியில் இறங்கி இன்னொரு பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஓபி சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை. டாக்டர் பார்ப்பது இரண்டு நிமிடம். "தூங்குறாரா? சாப்பிடுறாரா? அதே மாத்திரையே போடுங்க." கடைசி வரிசையின் முனையில், பதினைந்து நாளுக்குத்தான் தர முடியும், ஒன்று ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள்.

அண்ணி முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்குப் போகிறவர். கொட்டையின் எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்து, தோல் உரிந்து கிடக்கும். இதற்காக ஒரு நாள் போனால் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. அறுவடை நேரத்தில் ஒரு தடவை போக முடியவில்லை. அடுத்த தடவையும் தள்ளிப்போனது. அப்புறம் அண்ணன் ராத்திரியில் தூங்காமல் தெருவில் நடக்க ஆரம்பித்தார். ஊர்க்காரர்கள் காத்து கருப்பு என்றார்கள், மந்திரிக்கிறவரைக் கூட்டி வந்தார்கள், அதற்குக் கடன் வாங்கினார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டைக் காட்டிய அண்ணிக்குக் கிடைத்த பதில், "இது பாண்டிச்சேரி சீட்டும்மா, நாங்க இதுக்கு மருந்து தர முடியாது."

இத்தனைக்கும் அதே வீட்டில் பெரியம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். தன்னார்வலர் பெண் மாதா மாதம் வந்து, திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்த்து, மாத்திரையை எண்ணிக் கொடுத்து, நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார். நல்ல திட்டம், நான் மனசாரப் பாராட்டுவேன். அந்தத் திண்ணையிலேயே இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிற மகனுக்கு மட்டும் அந்தப் பையில் ஒன்றும் இல்லை.

மனநோய் மாத்திரை என்ன மளிகைச் சாமானா, வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க என்று கேட்பார்கள். கேள்வி நியாயம்தான். நோய் என்னவென்று மனநல மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், மருந்தையும் அளவையும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும். லித்தியம் மாதிரி சில மருந்துகளுக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் வேண்டும். ஆனால் நிலை சரியாகி, அதே மருந்து தொடர்கிறவர்கள்தான் வரிசையில் பெரும்பாலும் நிற்கிறார்கள். அவர்களை மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டர் பார்க்கட்டும், நடுவில் மருந்து ஊரிலேயே கிடைக்கட்டும். மாத்திரையை மறந்துவிடுகிறவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடுகிற ஊசி இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சே போட்டுவிடலாம்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்த யோசனை இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் நம் திருச்சியும் ஒன்று. பொது மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஊர்ப்பக்கமே சிகிச்சை தருவதுதான் அப்போதே நோக்கம். இருபது வருடம் கழித்து, 2015-16இல் பெங்களூரின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அத்தியாவசிய மருந்துகள் சமுதாய சுகாதார நிலையத்திலும் அதற்கு மேலான அரசு மருத்துவமனைகளிலும் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. எந்நேரமும். சட்டப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, மருந்து கவுண்டரில் "ஸ்டாக் இல்லை" என்று இருக்கிறது.

நம் மாவட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சென்னை சினேகா அமைப்பின் டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் மற்றவர்களும் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் ஒரு வேலை செய்தார்கள். பூச்சிமருந்தை அவரவர் வீட்டில் வைக்காமல், ஊருக்குப் பொதுவான ஓர் இடத்தில் பூட்டுப் பெட்டிகளில் வைக்கிற ஏற்பாடு. ஆய்வு 2013இல் வெளிவந்தது. பார்க்க அற்பமாகத் தெரியும். ஆனால் ஆத்திரமும் விரக்தியும் தலைக்கேறுகிற அந்தச் சில நிமிடம் விஷம் கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் தங்கிவிடும், அதற்குப் பெரிய மருத்துவமனை தேவையில்லை. இந்த மாதிரி வேலையை ஊராட்சிகள் இன்னும் ஏன் கையில் எடுக்கவில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

பேரிடர் பற்றியும் ஒரு வார்த்தை. 2004 சுனாமியில் தேவனாம்பட்டினம், 2011 தானே புயலில் பண்ருட்டியின் பலாவும் முந்திரியும், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல். ஒவ்வொரு தடவையும் ஆறுதல் சொல்ல ஆட்கள் வந்தார்கள், கொஞ்ச நாள் இருந்தார்கள், போய்விட்டார்கள். அதில் தப்பில்லை, அவர்கள் வேலை அவ்வளவுதான். வருஷம் முழுக்க ஊரில் இருக்கப்போகிறவர் கிராம சுகாதார செவிலியர். பயிற்சி அவருக்குப் போகட்டும். (குடியைப் பற்றி எழுதினால் இந்தப் பதிவு முடியாது. ஆற்றைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் மலிவாகக் கிடைக்கிற சரக்கைப் பற்றி ஒன்றுமே பேசாமல் இந்த வட்டாரத்து மனநலத்தைப் பேசுவது பாதிப் பேச்சு என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.)

நான் சொல்கிற ஏற்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு, மறைக்க விரும்பவில்லை. தன்னார்வலர் அதே ஊர்ப் பெண். இன்னார் வீட்டில் மனநோய் மாத்திரை வாங்குகிறார்கள் என்பது மூன்றாம் தெருவுக்குப் போக ஒரு நாள் ஆகாது. பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீடாக இருந்தால் அவர்கள் மருந்தே வேண்டாம் என்பார்கள். அதனால் விருப்பம் குடும்பத்தினுடையதாக இருக்க வேண்டும். சுகர் மாத்திரையோடு சேர்ந்து அதே பையில் வருவது சிலருக்குச் சரி. துணை சுகாதார நிலையத்தில் போய் வாங்கிக்கொள்கிறேன் என்பவருக்கு அந்த வழி இருக்கட்டும். யாரிடமும் நேரில் சொல்ல முடியாதவர்களுக்கு அரசின் தொலைபேசி மனநல ஆலோசனையான டெலி மானஸ் இருக்கிறது, 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஏற்கெனவே சொற்ப ஊக்கத்தொகைக்கு நடையாய் நடக்கிற தன்னார்வலர்கள் தலையில் இதையும் சும்மா கட்டக் கூடாது. வேலை கூடினால் காசும் கூட வேண்டும்.

வருகிற கிராம சபையில் எங்கள் ஊரில் மனு கொடுக்கப் போகிறோம். மூன்று கோரிக்கை. நிலை சரியானவர்களுக்கு மனநல மருந்து வீட்டில் அல்லது துணை சுகாதார நிலையத்தில். மருந்து தீர்ந்தால் கவுண்டரில் வாய்மொழியாக இல்லாமல் எழுத்தில் பதில். புதுவையில் எழுதிய சீட்டுக்குக் கடலூரில் மருந்து, புதுவையைச் சேர்ந்த பாகூர்க்காரருக்குக் கடலூரில் எழுதிய சீட்டுக்கு அங்கே மருந்து. உங்கள் ஊரிலும் கொடுக்க நினைத்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், மனுவை அனுப்பி வைக்கிறேன். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.