ஊராட்சி வரை வந்தது வீட்டுக்கு வந்ததாகாது

ஒருவர், "2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் பாரத்நெட் வந்தாச்சு, இனி கிராமத்துல எல்லார் வீட்டிலும் ஃபைபர் இருக்கு" என்று எழுதியிருக்கிறார். பாரத்நெட் என்பது ஊராட்சிகளுக்கு ஃபைபர் கேபிள் வழியாக இணையம் கொண்டுபோகும் மத்திய அரசுத் திட்டம். முதல் பாதி சரி. இரண்டாவது பாதி அதிலிருந்து வராது.

அரசுக் கணக்கில் வரும் "சேவைக்குத் தயார்" என்பது ஊராட்சியைப் பற்றியது. ஊராட்சி ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சி அலுவலகம் வரை கேபிள் வந்து, அங்கே இணையத்தைப் பெறும் ஒரு பெட்டி மாட்டியாகிவிட்டது, அவ்வளவுதான். அங்கிருந்து தெருத்தெருவாகக் கம்பி இழுத்து வீட்டுக்குக் கொடுப்பது தனி வேலை, தனிச் செலவு. ஓர் ஊராட்சிக்குள்ளேயே நாலைந்து குக்கிராமங்கள் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்தப் பெட்டி எப்போதும் ஓடுகிறதா என்பது அடுத்த கேள்வி. கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்தால் நின்றுவிடும். குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டும் ஜேசிபி கேபிளை அறுத்தால் சிக்னல் வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு அந்தப் பெட்டியில் சிவப்பில் மின்னும். முதல் கட்டத்தில் பாதை பெரும்பாலும் ஒரே வரிசை. நடுவில் அறுந்தால் அதற்கப்பால் இருக்கும் ஊர்களுக்கு மாற்று வழியே கிடையாது. அதனால்தான் 2023 ஆகஸ்டில் சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற திருத்திய திட்டத்தில், ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் வழியாக இணைப்பு வரும் வளையப் பாதை வந்தது, 1.5 கோடி கிராமப்புற வீட்டு இணைப்புகள் என்ற இலக்கும் அதில்தான் இருக்கிறது. எல்லார் வீட்டிலும் ஏற்கெனவே இருந்தால் அந்த இலக்கு எதற்கு?